எழுபத்தொரு மரம்

கீழ்க்கோத்தகிரி ரோட்டில் கார் ஒன்று நின்றது.
கண்ணாடியை இறக்கி ஓர் அம்மாள் கேட்டிருக்கிறாள்,
வீடு எங்கே, கூட யாரும் வரலையா.
லோகிதா சொல்லியிருக்கிறாள்:
"இன்னும் நாற்பத்திரண்டு மரம்தான் ஆன்ட்டி."

மரம் என்றால் சில்வர் ஓக்.
பள்ளிக்கூட கேட்டிலிருந்து எங்கள் லயன்வரை
இடப்பக்கம் மட்டும் எழுபத்தொன்று.
ஐம்பத்தாறாவதில் கரடி நகம் கீறிய தழும்பு.
அங்கே வரும்போது கத்தி வாய்ப்பாடு சொல்வாள்.
கரடிக்கு ஏழாம் வாய்ப்பாடு ஆகாது
என்பது அவள் கண்டுபிடிப்பு.

காரின் பின்சீட்டில்
இவள் வயதுப் பையன் ஒருவன் பெல்ட்டுக்குள் இருந்தானாம்.
அவன் கையாட்டினானாம், இவளும் ஆட்டினாளாம்.
அதற்குள் அவன் அம்மா போட்டோ எடுத்து
பத்து ஒன்பது எட்டுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
போன ஐப்பசியில்
சிறுத்தை கன்றுக்குட்டியை இழுத்துப்போன இடம்
எனக்கும் தெரியும்.
மூன்றே முக்காலுக்குப் பள்ளி விடும்.
நாலே காலுக்கு அவள் பூட்டைத் திறந்திருப்பாள்.
நடுவில் உள்ள அரைமணி
விரல் கொழுந்து கிள்ளும், வாய் வேறு கணக்கு ஓட்டும்,
இப்போ முப்பது, இப்போ ஐம்பத்தாறு, தாண்டியிருப்பாள்.
"என்ன புஷ்பராணி, ஜெபமா?" என்பார் மேஸ்திரி.
எடை போடுவது ஐந்து மணிக்கு.
முன்னால் இறங்கினால் அந்தக் கிலோ என்னுடையது இல்லை.

நோட்டீஸ் வந்தது. ஊட்டிக்கு, பிள்ளையோடு.
ஆறே முக்கால் பஸ். கோத்தகிரியில் மாறி
கட்டபெட்டு வளைவுகளில் எனக்குக் குமட்டியது.
என்னை ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார வைத்து
பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள்.
சேரிங்கிராஸில் நான் திருதிருவென்று நிற்க
போர்டு படித்து, போலீஸ்காரரிடம் வழி கேட்டு,
எந்த மாடி என்று வாட்ச்மேனிடம் விசாரித்து
முன்னால் ஏறினாள்.

ஐந்து நாற்காலி. நான்கில் ஆள்.
"எட்டு வயசுப் பிள்ளையை இப்படி விடலாமாம்மா?
எவனாவது வண்டியில ஏத்திட்டுப் போயிருந்தா?"
கேட்டவர் குரலில் கோபம் இல்லை.
அதுதான் தாங்க முடியவில்லை.
வீட்டுக்காரர்?
திருப்பூர் என்றேன். பாதி உண்மை.
கேஸ், ஜெயில் என்ற இரண்டு சொற்களை
மேசைமேல் எடுத்து வைத்தார்,
பிறகு பைலால் மூடினார்.
இந்தத் தடவை எச்சரிக்கை மட்டும்.

எஸ்டேட் பிள்ளைமடுவத்தில்
ஆறு வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
ஆறுக்கு மேல் பிள்ளை யாருடைய பொறுப்பு,
கூலி யாருடைய பொறுப்பு
என்று கேட்கத்தான் நினைத்தேன்.
தொண்டையில் இன்னும் எலுமிச்சைப் புளிப்பு.

காகிதத்தில் அவள் பெயருக்கு மேல் அச்சடித்திருந்தது.
படித்துக் காட்டியதும் அவள்தான்.
கவனிப்பும் பாதுகாப்பும்
தேவை, தேவைப்ப...
தடுக்கியது. விரலை வைத்து
முதலிலிருந்து மறுபடி வந்தாள்.
தேவைப்படும் குழந்தை.
நான் கையெழுத்துப் போட்டதும்
பேனாவை மூடி, சாரிடம் நீட்டி, நன்றி சொன்னாள்.
யார் யாரைக் கூட்டிவந்தது என்று
அந்த நான்கு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது மூன்றரைக்கே கூடையை இறக்கிவிடுகிறேன்.
மேஸ்திரி தலைநிமிராமல் குறித்துக்கொள்கிறார்.
கேட்டில் நிற்கிறேன். கையைப் பிடிக்கிறேன்.
மிட்டாய் வாங்கித் தா என்கிறாள், கால் வலிக்குது என்கிறாள்,
இத்தனை நாள் வலிக்காத கால்.

நேற்று மூடுபனி.
தழும்பு மரம் தாண்டிப் போய்விட்டது.
"ஏழாம் வாய்ப்பாடு சொல்லலையாடி?"
"அதான் நீ வர்றியே."
இது எத்தனையாவது மரம் என்றேன்.
தெரியலை என்றாள், பனியைப் பார்த்தபடி.

நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.
அறுபத்து மூன்று.